லாயத்தைப் பூட்டிவிட்டுக் குதிரையேற்றம் சொல்லித்தர முடியாது

எங்கள் குதிரையேற்றப் பயிற்சி மன்றத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

சனி, ஞாயிறு காலைகளில் நடந்துவந்த லாய வகுப்பை ஜூன் மாதத்திலிருந்து நிறுத்திவிட்டீர்கள். 8 முதல் 16 வயது வரை உள்ள மாணவர்கள் இனி நேராகத் திடலுக்கு வந்தால் போதும், சேணம் பூட்டிய குதிரையைச் சைஸ்கள் (குதிரையைப் பராமரிக்கும் ஆட்கள்) கொண்டுவந்து நிறுத்துவார்கள், சவாரி முடிந்ததும் கடிவாளத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். அந்த வகுப்பைச் சம்பளம் வாங்காமல் நடத்திவந்தவள் நான். என்னிடம் கேட்கவில்லை, அது கிடக்கட்டும். பிள்ளைகளிடம் கேட்டிருக்கலாம். விடிவதற்கு முன்பே எழுந்து குதிரைகளோடு கிடக்கும் சைஸ்களிடமாவது கேட்டிருக்கலாம். யாரிடமும் கேட்காமல் எடுத்த முடிவு என்பதால்தான், பெற்றோரும் மாணவர்களும் படிக்கும்படி இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

லாய வகுப்பில் என்ன நடந்தது என்று குழுவில் பலர் நேரில் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். ஆளுக்கொரு குதிரை. வந்ததும் கொட்டிலுக்குள் நுழையக் கூடாது, வெளியே நின்று பார்க்க வேண்டும். ராத்திரி போட்ட புல்லில் மிச்சம் எவ்வளவு? தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு இறங்கியிருக்கிறது? லத்தி (குதிரைச் சாணம்) எத்தனை இடத்தில் கிடக்கிறது, உருண்டையாகவும் ஈரமாகவும் இருக்கிறதா, கல் மாதிரி இறுகிக் கிடக்கிறதா? குதிரை எப்படி நிற்கிறது? பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி வைத்துக்கொண்டு நின்றால் ஓய்வெடுக்கிறது என்று அர்த்தம். முன்னங்கால் ஒன்றை முன்னே நீட்டி, அதில் பாரம் போடாமல் நின்றால் அங்கே ஏதோ வலி. இதையெல்லாம் பார்த்த பிறகுதான் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இடது தோள் பக்கமாக நெருங்க வேண்டும். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றி இருப்பதெல்லாம் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. அந்தத் தெரியாத இடத்தில் திடீரென்று போய் நிற்பவரைத்தான் அது உதைக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் புரிகிறது, அடுத்த வாரமே தன் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

பிறகு தலைக்கயிறு மாட்டி வெளியே கட்டி, பிரஷ் போட்டு, நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொக்கியால் சுரண்டுவார்கள். குளம்பின் அடியில் முக்கோண வடிவில் மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதன் இரண்டு பக்கப் பள்ளத்திலும் சாணியும் ஈரமும் தங்கினால் அழுகி நாற ஆரம்பிக்கும். அந்த நாற்றத்தை மூக்கால் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். லத்தியை அள்ளி, நனைந்த வைக்கோலை மாற்றி, தொட்டியைக் கழுவி நிரப்பி, தீவனத்தை எடை போட்டு வைப்பார்கள். பெரிய பிள்ளைகள் தாடை எலும்பின் கீழே விரல் வைத்து நாடி எண்ணுவார்கள். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 நாடித் துடிப்பு, 8 முதல் 16 மூச்சு, உடல் வெப்பம் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். இந்த எண்களை நான் பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னதே இல்லை. எண்ணி எண்ணி அவர்களுக்கே பதிந்துபோனது.

இது சவாரிக்கு முந்தைய சடங்கு என்று நினைத்துத்தான் நீக்கியிருக்கிறீர்கள். உண்மையில் குதிரையேற்றத்தின் பாதிப் பாடம் அதில்தான் இருந்தது. ஏன் என்று நம் லாயத்தில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

போன சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் ஓடிவந்து, “அக்கா, சாந்தி ராத்திரி முழுக்க ரெண்டே இடத்துலதான் லத்தி போட்டிருக்கு, தண்ணியும் குடிக்கல” என்றான். குதிரை ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு முன்னே பின்னே லத்தி போடும். சாந்தியின் கொட்டிலை வாராவாரம் சுத்தம் செய்பவன் அவன், அதனால் வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்று அவனுக்குக் கண்ணளவிலேயே தெரியும். போய்ப் பார்த்தோம். முன்னங்காலால் தரையைச் சுரண்டிக்கொண்டு, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்துக்கொண்டு நின்றது. விலாவில் காது வைத்துக் கேட்டால் குடல் சத்தம் ரொம்பக் குறைவு. மருத்துவர் வந்து, வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெயும் தண்ணீரும் செலுத்தினார். சாயங்காலம் லத்தி போட்டது. குடலில் தீவனம் இறுகி அடைத்திருக்கிறது, சீக்கிரம் பார்த்ததால் தப்பித்தது, இந்த நிலைமையில் சேணம் பூட்டி வெயிலில் வேலை வாங்கியிருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்றார்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பு அவ்வளவு பெரிதாக இருந்தாலும் இரைப்பை சின்னது, குடலோ மிக நீளமானது. அதனால்தான் வயிற்று வலி குதிரைகளைக் கொல்லும் முக்கியமான காரணங்களில் ஒன்றாக உலகம் முழுக்க இருக்கிறது. அதற்கான முதல் மருந்து, சீக்கிரம் கவனிக்கும் ஒரு ஜோடிக் கண்தான். நீங்கள் அறிவித்த புது ஏற்பாட்டில் அந்தப் பையன் ஆறேகாலுக்குத் திடலுக்கு வந்திருப்பான், சாந்தி சேணத்தோடு நின்றிருக்கும், அவன் ஏறி உட்கார்ந்திருப்பான். ஒரு சைஸுக்கு ஐந்து குதிரை என்று வைத்திருக்கிறீர்கள். அத்தனைக்கும் காலை ஆறு மணிக்குள் சேணம் பூட்ட வேண்டிய மனிதர், எந்தக் குதிரை எத்தனை முறை லத்தி போட்டது என்று எப்போது பார்ப்பார்?

இது நடந்திருக்கக்கூடிய விஷயம். நடந்தே விட்ட ஒன்றும் இருக்கிறது. லாய வகுப்பு நின்றபின் ஒரு சனிக்கிழமை, கறுப்பன் மேல் ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை ஏற்றினார்கள். வயிற்று வாரை இறுக்கும்போதே கறுப்பன் காதைப் பின்னால் மடக்கிக் கடிக்கத் திரும்பியது. அவசரம், யாரும் கவனிக்கவில்லை. திடலில் நடந்தது, ட்ராட் என்கிற மெதுவோட்டம் போக மறுத்தது. பயிற்சியாளர் ஓரமாக நின்று, “சும்மா விடாதே, குச்சியால ஒண்ணு போடு” என்றார். குழந்தை தயங்கியது. இரண்டாவது முறை சொன்னதும் அடித்தது. கறுப்பன் நின்ற இடத்திலேயே முதுகைக் கூன வைத்துத் துள்ள, குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. இறக்கிவிட்ட பிறகு நான் வாரைக் கழற்றிப் பார்த்தேன். முன்னங்காலின் மேல் மூட்டுக்குப் பின்னால், வார் உரசும் இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது.

பிரஷ் போட்டிருந்தால் அந்தக் குழந்தையின் கையே புண்ணைக் கண்டுபிடித்திருக்கும். சேணம் ஏறுவதற்கு முன்பே “அக்கா, இங்க காயம்” என்று சொல்லியிருக்கும். அதற்குப் பதிலாக, வலிக்கிறது என்று ஒரு உயிர் சொன்னால் அதை அடிக்க வேண்டும் என்று அன்றைக்கு அது கற்றுக்கொண்டது. நாம்தான் கற்றுக்கொடுத்தோம், அதற்குக் கட்டணமும் வாங்கினோம். இந்த மடலை எழுத வைத்தது அந்தச் சனிக்கிழமைதான்.

இது நம் ஊர் லாயத்தில் மட்டும் நடக்கிற கோளாறு என்று நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்ட்டில் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நடந்ததை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். குதிரையேற்றமும் சேர்ந்த ஐந்து விளையாட்டுகளின் போட்டியான நவீன பென்டத்லானில் அப்போது வீரர்கள் தங்கள் சொந்தக் குதிரையில் ஏறுவதில்லை. குலுக்கலில் எந்தக் குதிரை விழுந்ததோ அதுதான், பழகிக்கொள்ள 20 நிமிடம்தான். முதலிடத்தில் இருந்த ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய்க்கு செயின்ட் பாய் என்ற குதிரை விழுந்தது. ஏற்கெனவே இன்னொரு வீராங்கனையோடு முரண்டு பிடித்துக் களைத்திருந்த குதிரை அது. தடைகளைத் தாண்ட மறுத்தது. அவர் மேலே உட்கார்ந்து கதறி அழ, பயிற்சியாளர் வேலிக்கு வெளியே நின்று அடி, நன்றாக அடி என்று கத்தி, தானே குதிரையை முஷ்டியால் குத்தினார். அந்தப் பயிற்சியாளரைப் போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள். அதோடு முடியவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த விளையாட்டின் பகுதியாக இருந்த குதிரையேற்றத்தையே, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸோடு எடுத்துவிட முடிவு செய்தார்கள். உலகத்தின் தலைசிறந்த விளையாட்டு வீரர்களுக்கே, முன்பின் தெரியாத குதிரைமேல் 20 நிமிடத்தில் ஏறி உட்காருவது இப்படி முடிந்தது. நாம் ஒன்பது வயதுக் குழந்தைக்கு இரண்டு நிமிடம்கூடத் தரவில்லை.

நம்முடைய சேர்க்கைத் துண்டுப்பிரசுரத்தில் இந்தியக் குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சாவின் சாதனையைப் பெருமையாகப் போட்டிருக்கிறோம். போட வேண்டியதுதான். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஈவென்டிங் (மூன்று வகைச் சவாரிகள் சேர்ந்த போட்டி) பிரிவில் தனிநபர் வெள்ளி, அணிக்கும் வெள்ளி, பிறகு டோக்கியோவில் 23ஆம் இடம். ஆனால் அவருடைய தந்தை குதிரை மருத்துவர் என்பதையும் நம் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டும். ஈவென்டிங்கில் போட்டி தொடங்கும் முன்பும், தடை தாண்டும் சுற்றுக்கு முன்பும் குதிரையை நடுவர்கள், மருத்துவர் முன் நடத்தியும் ஓட்டியும் காட்ட வேண்டும். நொண்டினால் அங்கேயே முடிந்தது, எவ்வளவு நல்ல சவாரிக்காரராக இருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2023இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய அணி டிரஸ்ஸாஜில் (குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி) தங்கம் வாங்கியது. டிரஸ்ஸாஜ் என்பதே குதிரையும் ஆளும் ஆண்டுக்கணக்கில் பழகிப் பழகிக் கைகூடுவது. பதக்கம் உங்கள் கனவு என்றால் அதற்கான வழியும் கொட்டில் வழியாகத்தான் போகிறது. பிரிட்டனில் 1929இல் தொடங்கிய போனி கிளப்பில் இன்றைக்கும் ஒவ்வொரு படிநிலைத் தேர்விலும் சவாரியோடு குதிரைப் பராமரிப்பும் உண்டு. நம் என்.சி.சி.யின் ரிமவுண்ட் அண்ட் வெட்டர்னரி (குதிரை, கால்நடை மருத்துவ) பிரிவில் சேரும் மாணவர்களும் சவாரியோடு குதிரையை வைத்துப் பராமரிக்கும் முறையையும் படிக்கிறார்கள். கல்லூரி நாட்களில் நான் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். உலகம் முழுக்க ஒட்டி வைத்திருப்பதை நாம் ஏன் பிரிக்கிறோம்?

பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே பழைய சாட்சி ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னர்கள் அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல் வழியாகப் பெரும் விலை கொடுத்து இறக்கினார்கள் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின என்றும் சொல்கிறார். பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை, லாடம் அடிப்பவர் இல்லை, வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் தீவனமாகக் கொடுத்தார்கள் என்று காரணமும் எழுதியிருக்கிறார். லாடம் அடிப்பவர்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள், குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்கிறார். ஒரு வெளியூர்ப் பயணி எழுதியதை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காசு கொடுத்துக் குதிரையை வாங்க முடிந்தவர்களால் அதைக் காப்பாற்றும் அறிவை வாங்க முடியவில்லை என்ற செய்தி எனக்கு நம் மன்றத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

அந்த அறிவு இன்றைக்கு இன்னும் அருகிப்போயிருக்கிறது. கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்க 2012இல் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. ஏழே ஆண்டுகளில் கிட்டத்தட்டப் பாதி. குதிரை போனால் லாடக்காரர் போவார், சேணம் தைப்பவர் போவார், குதிரையின் பல்லைப் பார்த்து வயது சொல்பவர் போவார். இனி இதெல்லாம் மிஞ்சப்போகிற இடங்களில் நம்மைப் போன்ற மன்றங்களும் சேர்த்தி. பிள்ளைகளுக்குக் கடத்தாவிட்டால் வேறு யாருக்குக் கடத்துவோம்?

சரி, உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

பெற்றோர் விருப்பம் என்கிறீர்கள். “லத்தி அள்ளவா பணம் கட்டுகிறோம், அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களே” என்று ஒருவர் குழுவுக்கு எழுதியதாக அறிகிறேன். அந்தப் பெற்றோரை நான் குறைத்துப் பேசவில்லை, பிள்ளைமேல் உள்ள அக்கறையில் எழுதியிருப்பார். ஆனால் அந்த வரியை ஏற்றுக்கொண்டு ஒரு நிர்வாகக் குழு விதியை மாற்றியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சாணியைத் தொடுகிறவர் யார், தொடாதவர் யார் என்று மனிதர்களைப் பிரித்து வைத்த ஊர் இது. அந்தப் பிரிவினையின் வலி இன்னும் ஆறவில்லை. எட்டு வயதிலேயே ஒரு குழந்தைக்கு, நீ மேலே உட்காருகிறவள், அவர் கீழே அள்ளுகிறவர் என்று காட்டிக்கொடுப்பதற்கா நாம் மன்றம் நடத்துகிறோம்? லாய வகுப்பில் மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் தள்ளுவண்டி தள்ளியது, மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையும் தள்ளியது. தன் குதிரை படுக்கும் இடத்தைத் தானே சுத்தம் செய்வதில் அவர்களுக்கு இருந்த பெருமையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நம் மூத்த சைஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை பிடித்துக்கொண்டு போய் வந்த குடும்பம் அவருடையது. கத்தியவார், மார்வாரிக் குதிரைகளைத் தூரத்திலிருந்தே காதின் வளைவை வைத்துச் சொல்லிவிடுவார். காலில் முழங்காலிலிருந்து குளம்பு வரை ஒருமுறை உள்ளங்கையை ஓட்டிவிட்டு, எந்த இடத்தில் சூடு ஏறியிருக்கிறது என்று காட்டுவார். சாந்தியின் விலாவில் காது வைத்துக் கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். “வயிறு பேசிட்டே இருக்கணும் கண்ணு, பேச்சு நின்னா நம்ம ஓடணும்” என்பார். அவரைப் பிள்ளைகள் தாத்தா என்று கூப்பிட்டார்கள், வகுப்பு முடிந்தும் அவரைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். இப்போது என்ன நடக்கிறது? சவாரி முடிந்ததும் முகத்தைக்கூடப் பார்க்காமல் கடிவாளத்தை நீட்டுகிறார்கள். பிள்ளைகள்மேல் தப்பில்லை. ஆசிரியராக இருந்தவரை நாம் எடுபிடி ஆக்கிவிட்டோம்.

இன்னொரு இழப்பு உங்கள் கணக்கிலேயே வரவில்லை. பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியிலிருந்து ஒரு அக்காவும் தம்பியும் வந்துகொண்டிருந்தார்கள். கட்டணம் கட்ட வசதியில்லை. லாய வேலையில் பங்கெடுத்தால் வாரம் ஒரு சவாரி இலவசம் என்று முன்பிருந்த குழு வாய்மொழியாகச் சம்மதித்திருந்தது. லாய வகுப்பு போனதோடு அந்த ஏற்பாடும் போய்விட்டது. அந்தப் பெண் நம் மாணவர்கள் எல்லோரையும்விட நன்றாகக் குதிரை பழக்குவாள். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்), யாரையும் தலைக்கருகே விடாமல் மிரண்டுகொண்டிருந்தபோது, அதன் கொட்டில் வாசலில் தினமும் சும்மா உட்கார்ந்து பாடம் படித்தே அதைப் பழக்கியவள் அவள். கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். அவளுக்கு நாம் எந்தக் கதவைச் சாத்தியிருக்கிறோம் என்று தெரிந்துதான் சாத்தினோமா?

பாதுகாப்பு என்பது இரண்டாவது காரணம். ஒரு மாணவியின் கால் விரலைக் குதிரை மிதித்தது உண்மை. அன்று அவள் செருப்பு போட்டிருந்தாள். மூடிய கனமான ஷூ இல்லாமல் லாயத்துக்குள் யாரும் வரக் கூடாது என்று விதி போடுவதுதான் அதற்குத் தீர்வு. குதிரையைத் தரையில் நின்று கையாளத் தெரியாத பிள்ளையை நேராக அதன் முதுகில் ஏற்றுவது ஆபத்தைக் கூட்டும். காது மடங்குவதும் வால் படபடப்பதும் எதற்கு என்று தெரிந்த பிள்ளை, விழுவதற்கு முன்பே சுதாரித்துக்கொள்ளும். கறுப்பனின் காதை அந்தக் குழந்தைக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் ஏறியே இருக்காது.

மூன்றாவது நேரம். வெளிப்படையாகச் சொன்னால் வருமானம். லாய வகுப்பு இருந்த ஒரு மணி நேரத்தில் இப்போது இன்னொரு பேட்ச் நடக்கிறது. எனக்குப் புரியாமல் இல்லை. ஓட்ஸ், கொள்ளு, குதிரைமசால் எல்லாம் விலை ஏறிவிட்டது, லாடத்துக்கு ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை செலவு, இட வாடகை வேறு. ஆனால் அந்தக் கூடுதல் பேட்சில் ஓடுகிறது யார்? அதே குதிரைகள். நம் ஊர்க் காற்றில் வெப்பத்தோடு ஈரப்பதமும் உண்டு. குதிரையும் மனிதனைப் போல வேர்த்துத்தான் உடம்பைக் குளிர வைக்கிறது, ஈரக்காற்றில் வேர்வை உலராது. இப்படிப்பட்ட சூழலில் தொடர்ந்து வேலை செய்யும் சில குதிரைகள் வேர்ப்பதையே நிறுத்திவிடும். வேலை முடிந்தும் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும், தோல் மட்டும் காய்ந்து கிடக்கும், உடம்பு கொதிக்கும். அது உயிருக்கு ஆபத்து. முன்பு ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் பிள்ளைகளே கால் மணி நேரம் குதிரையை நடத்திக் குளிரவைத்து, மூச்சு இறங்குகிறதா என்று எண்ணி, தண்ணீர் ஊற்றி வழித்துவிட்டுத்தான் கொட்டிலில் விட்டார்கள். இப்போது ஒரு பிள்ளை இறங்கினால் அடுத்த பிள்ளை ஏறுகிறது. கோடையில் ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 40 லிட்டருக்கு மேலும் தண்ணீர் தேவைப்படலாம். பேட்சுக்கும் பேட்சுக்கும் நடுவில் அது எப்போது குடிக்கும்?

மெரினாவிலும் ஊட்டியிலும் குதிரைமேல் ஏற்றி, ஒரு சுற்று கூட்டிப் போய், புகைப்படம் எடுத்து இறக்கிவிடுகிறார்கள். அது அவர்கள் பிழைப்பு, அங்கே யாரும் கற்றுத்தருவதாகச் சொல்லிக் காசு வாங்குவதில்லை. நாம் பயிற்சி மன்றம் என்று பலகை வைத்திருக்கிறோம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. ஜூன் அறிவிப்பைத் திரும்பப் பெற்று, லாய வகுப்பை எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாக, பயிற்சிக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கியதாக மறுபடி தொடங்குங்கள். வாரம் இரண்டு நாளும் முடியாது என்றால் ஒரு நாளாவது முழுதாகத் தாருங்கள், நடத்தித்தர நான் தயார், முன்பு போலவே சம்பளம் வேண்டாம். எந்த மாணவரும் தன் கையால் முதுகையும், வார் படும் இடத்தையும், நான்கு குளம்புகளையும் தொட்டுப் பார்க்காமல் ஏறக் கூடாது என்பதை விதியாக எழுதி ஒட்டுங்கள். புண்ணோ நொண்டலோ தெரிந்தால் அன்று அந்தக் குதிரைக்கு ஓய்வு என்று சொல்லும் உரிமை சைஸுக்கு இருக்க வேண்டும், பயிற்சியாளர் அதை மீறக் கூடாது. கறுப்பனின் புண் முழுதாக ஆறும்வரை அதன்மேல் சேணம் வைக்க வேண்டாம். சேணங்கள் ஒவ்வொரு குதிரைக்கும் பொருந்துகிறதா என்று தெரிந்தவரை அழைத்துப் பாருங்கள். ஒரு குதிரைக்குக் காலையில் இத்தனை பேட்ச்தான் என்ற வரம்பை நம் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், மார்ச் முதல் ஜூன் வரை அதையும் குறையுங்கள்.

மூத்த சைஸைப் பயிற்றுநராக நியமித்து, அதற்குரிய சம்பளத்தைக் கொடுங்கள். இந்தச் செலவுக்காகக் கட்டணத்தைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தால் பெற்றோரிடம் பேச நானும் வருகிறேன். அந்த அக்கா, தம்பி இருவரையும் வீட்டுக்குப் போய் அழைத்து வாருங்கள், அவர்களுக்கான இடத்தை இந்த முறை எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

கடைசியாக, அடுத்த குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் பிரதிநிதி இருவரையும், மாணவர் இருவரையும், சைஸ்களையும் அழைத்து இதைப் பேசுங்கள். ஆடி முடிவதற்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். பதில் வரும்வரை சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு லாய வாசலுக்கு வந்துகொண்டிருப்பேன். வர விரும்பும் பிள்ளைகளை உள்ளே விடும்படி காவலாளியிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
லாய வகுப்பு நடத்திவந்தவள்